மன்றம் வரை உள்ள வழி

திருவிடைமருதூரில் மகாலிங்கப் பெருமான் திருக்கோயிலுக்குச் செல்பவர்கள் கிழக்கு வாயிலில் பட்டினத்தாரின் திருவுருவத்தையும், மேற்கு வாயிலில் பத்திரகிரியாரின் திருவுருவத்தையும் காணலாம். குருவும் சீடருமாகிய இவ்விருவரையும் வணங்கிச் செல்கிறோம். ஆனால், இக்குரு ஒரு காலத்தில் அச்சீடரின் கைதியாக இருந்தார் என்பது நம்மில் பலருக்கு நினைவில் எழுவதில்லை. இன்று மாணவச் செல்வங்களாகிய உங்களிடம் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அந்தக் கைதியின் கதையிலிருந்தே தொடங்குகிறது.

செவிவழியாக வந்த வரலாறு இது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராய் இருந்து துறவு பூண்ட பட்டினத்தார், ஊர் ஊராகச் சென்று உஞ்சேனை மாகாளம் எனப்படும் உச்சயினியை அடைந்தார். அங்கே ஒரு விநாயகர் கோயிலில் கண் மூடி இருந்தார். அரண்மனையில் கொள்ளையிட்டு வந்த கள்வர், பிள்ளையாருக்குக் காணிக்கை என்று ஒரு முத்துமாலையை வீசிச் சென்றனர். அது இருளில் துறவியின் கழுத்தில் விழுந்தது. தேடி வந்த காவலர் மாலையைக் கண்டனர், ஆளைப் பிடித்தனர். பத்திரகிரி மன்னர் வழக்கை ஆராயவில்லை. கழுவேற்றுக என்று ஆணையிட்டார். துறவி பாடினார், கழுமரம் தீப்பற்றி எரிந்தது. அரசர் தம் பிழை உணர்ந்து அரசைத் துறந்து, அவருக்கே சீடராகித் திருவிடைமருதூர் வந்து சேர்ந்தார் என்பர்.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மற்றொரு காவிரிப்பூம்பட்டினத்து வணிகனின் நினைவு வரும். கோவலனும் அவ்வூரினன், அவனும் அயல்நாட்டுத் தலைநகரில் நின்றான், அவன் மீது சுமத்தப்பட்டதும் அரண்மனை அணிகலனைத் திருடிய பழிதான், அவனும் குற்றமற்றவன். ஆயினும் அவன் பொருட்டுக் கழுமரம் எரியவில்லை. வாள் ஓங்கப்பட்டது; தடுப்பார் இல்லை.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நீங்கள் பாடமாகப் படித்திருக்கலாம். அதில் பாண்டியனின் ஆணையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஊடல் கொண்ட தேவியின் இருப்பிடம் நோக்கி விரைந்துகொண்டிருந்தவனிடம், கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் கூறினான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று, சிலம்பைக் கொண்டுவருக என்பது மன்னனின் கட்டளை. அரண்மனைக்குக் கொண்டுவரப்பட வேண்டியது சிலம்பே, ஆள் அல்லன்! அக்கட்டளை பிறந்த அக்கணத்திலேயே பாண்டியனின் நீதி சரிந்துவிட்டது எனலாம்.

காவலரும் கல்நெஞ்சர் அல்லர். இவன் தோற்றம் கள்வனுடையதாகத் தெரியவில்லையே என்று அவருள் ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்த காவலர் செய்யத்தக்கது என்ன? ஆளை அரசனிடம் அழைத்துச் செல்வதே. பொற்கொல்லனோ கள்வர்க்குரிய எட்டுத் துணைகளையும் எடுத்துரைத்து அவ்வையத்தை மழுக்கினான். அவர்களுள் கல்லாதவன் ஒருவன் வாளை வீசினான். பின்னர் கண்ணகி அரசவைக்கு வந்து தன் சிலம்பை உடைத்தாள். தேவியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். தெறித்தவையோ மாணிக்கப் பரல்கள். வழக்கு முடிந்தது. அந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அந்தச் சிறுபொழுதைக் கோவலன் உயிருடன் இருந்தபோது ஒதுக்கியிருந்தால், மன்னனும் பிழைத்திருப்பான், மதுரையும் எரிந்திராது.

ஆராயாமல் தீர்ப்பளிப்பது தவறு என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டியதாகக் கூறப்படும் மணிக்கு அவர்கள் இட்ட பெயரே ஆராய்ச்சி மணி என்பதாகும். அதனை அடித்தது வாயில்லாப் பசு. பேச இயலாத உயிருக்கும் அரசன் செவி கொடுக்க வேண்டும் என்பதே அக்கதையின் கருத்து.

கதைகளை விட்டுக் கல்வெட்டுகளுக்கு வருவோம். சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில், வேட்டையில் குறி தவறிய அம்பினாலோ, எதிர்பாராத கைப்பிழையினாலோ மனிதர் இறந்துபட்ட வழக்குகள் காணப்படுகின்றன. அவ்வழக்குகளை விசாரித்த ஊராரும் நாட்டாரும், கொல்லும் எண்ணம் இல்லாததைக் கண்டு, உயிருக்கு உயிர் வாங்காமல், கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் செய்து விடுத்தனர். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் விடுவது அக்காலத்தில் பெருவழக்கு. ‘எப்படி நேர்ந்தது?’ என்று கேட்டதனால் அல்லவா, கொலைக்கும் கைப்பிழைக்கும் உள்ள வேறுபாடு புலனாயிற்று?

அதே சோழ நாட்டில் வேறொரு கல்லும் உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயிலில் உள்ளது அது. முதலாம் இராசராசன் 985-ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். அவனது இரண்டாம் ஆட்சியாண்டில் வெளியான ஆணை அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் அவர்களுடைய உடைமைகளைக் கைக்கொள்ளுமாறு பணிக்கிறது. அவர்களோடு நில்லாமல், உறவினரின் சொத்துகளையும் அவ்வாணை சேர்த்துக்கொள்கிறது. ஆராய்ச்சியாளர் பலரும் கருத்துச் செலுத்திய கல்வெட்டு இது. எனக்கு அதில் தைப்பது, கொன்றவனின் உறவினர் என்பதனாலேயே நிலம் இழந்தவர்களின் நிலை. அவர்களுடைய ஒரு சொல்லும் அந்தக் கல்லில் இல்லை.

இனி, காலத்தால் நமக்கு அணிமையில் உள்ள ஒரு பயணத்தைக் காண்போம். 1799-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக்குள் சென்று மறைந்திருந்தபோது, தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். காவலுடன் மதுரைக்கும், அங்கிருந்து கயத்தாற்றுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மேஜர் பானர்மன் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து வைத்திருந்தார். அக்டோபர் 16 அன்று அவர்கள் முன்னிலையில் குற்றச்சாட்டுகள் படிக்கப்பட்டன. அன்றே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே கைதி உயிருடன் கொண்டுவரப்பட்டார், அவையும் கூடியிருந்தது. கோவலனுக்குக் கிடைக்காத இரண்டும் இவருக்குக் கிடைத்தன. ஆயினும் இது நீதியா? படையெடுத்தவரே குற்றம் சாட்டினார். அவரே தீர்ப்பு வழங்கினார். அவரே தண்டனையை நிறைவேற்றினார். கூடியிருந்தவர்கள் நடுநிலை காக்க வந்தவர்கள் அல்லர். கண்டு அஞ்சுவதற்காக அழைக்கப்பட்டவர்கள். அவையில் நின்ற கட்டபொம்மனின் பெருமித நடையையும், தமக்கு எதிராக நின்ற பாளையக்காரர்களை அவர் நோக்கிய ஏளனப் பார்வையையும் பானர்மனே தம் அறிக்கையில் எழுதியிருக்கிறார். கைதியை மன்றத்திற்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அங்கே கேட்கும் செவி இருத்தல் வேண்டும் என்பதைக் கயத்தாறு நமக்குக் கற்பிக்கிறது.

இரண்டாண்டுகளில் சிவகங்கைச் சீமையும் வீழ்ந்தது. 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அப்போது பதினைந்து வயது மதிக்கத்தக்க சிறுவன். அவனும் மற்றவர்களுமாக 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். கப்பலேறும் வரை அவர்களைக் காவல் காத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. முன்பு நட்பாய் இருந்த நாட்களில், சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் அவர். விதியின் விளையாட்டைப் பாருங்கள். ஆசான் தூக்கில் தொங்கினார், ஆசானின் மகன் மாணவனின் காவலில் சங்கிலியுடன் இருந்தான்! வெல்ஷ் தம்மால் இயன்றவரை அச்சிறுவனின் சங்கிலிச் சுமையைக் குறைத்தார். 1818-ஆம் ஆண்டில் அவர் பினாங்கில் இருந்தபோது, உடல் தளர்ந்த கிழவர் போன்ற ஒருவர் அவர் முன் வந்து நின்றார். யார் என்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைக் கூறிய பின்னரே, அவர் துரைசாமி என்பது விளங்கிற்று. அதுகேட்டுத் தம் நெஞ்சம் பட்ட பாட்டை வெல்ஷ் 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் பதிந்துள்ளார். அப்போது துரைசாமிக்கு முப்பதைச் சற்றே கடந்த வயதுதான்.

காவலன் இரக்கமுள்ளவனாய் இருத்தல் நன்றே. ஆனால் வெல்ஷின் இரக்கத்தால் ஒரு சங்கிலியின் எடை குறைந்ததே தவிர, ஒரு சிறுவன் செய்த குற்றம் என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பட்டினத்தாரைக் காத்தது அற்புதம். அற்புதம் எல்லோருக்கும் நிகழ்வதில்லை. நல்ல காவலனும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், எளிய மனிதனைக் காக்க ஒரு விதி வேண்டியிருந்தது.

அவ்விதி எங்கே இருக்கிறது? 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. கைது செய்யப்பட்டவனுக்கு அதன் காரணத்தைக் கூற வேண்டும். அவன் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்க வேண்டும். 24 மணி நேரத்திற்குள் அவனை அண்மையிலுள்ள மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. அந்த 24 மணியைக் கணக்கிடும்போது, கைது செய்த இடத்திலிருந்து மாஜிஸ்திரேட்டின் மன்றம் வரை செல்வதற்கு வேண்டிய பயண நேரத்தை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். அந்த வழி நடையைக்கூடச் சட்டம் மறக்கவில்லை! தடுப்புக் காவல் போன்றவற்றுக்கு அப்பிரிவிலேயே விலக்கு உண்டு. அது இன்றும் அறிஞர்களின் விவாதத்திற்குரியது. வழியில் கைதி நடத்தப்படும் முறையையும் நீதிமன்றங்கள் எண்ணிப்பார்த்தன. எல்லாக் கைதிக்கும் வழக்கமாகக் கைவிலங்கு பூட்டுவது தகாது என்று 1980-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், குறிப்பிட்ட சில குற்றங்களுக்குக் கைவிலங்கை அனுமதிக்கிறது. ஆனால் 24 மணி நேர வரம்பு அதிலும் அவ்வாறே நிற்கிறது.

மன்னரையும் மேஜரையும் குறை கூறிய நான், என்னைப் பற்றியும் ஒன்று கூறாமல் முடிப்பது நேர்மை ஆகாது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், தேர்வுக் கட்டணம் வைத்திருந்த உறை ஒன்று காணாமற்போயிற்று. நான்கு மாணவர்கள், ஒருவனைக் கையைப் பிடித்து என் மேசை முன் கொண்டுவந்து நிறுத்தினர். உணவு இடைவேளையில் வகுப்பறையில் தனியே இருந்தவன் அவன் என்றனர். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிரார்த்தனைக் கூட்டத்திற்கு மணி அடித்துவிட்டது, எனக்கும் அவசரம். ‘பேசாதே!’ என்று அதட்டி, கூட்டம் முடியும் வரை அனைவரும் காண அவனை முன்னால் நிறுத்தினேன். மறுநாள் அவ்வுறை, ஆசிரியர் அறை அலமாரியில், வருகைப் பதிவேட்டின் தாள்களுக்கிடையே கிடைத்தது.

பையன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். நடவு நாள், தந்தை வயலில் இருந்தார். என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கரையேறி வந்தார். நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ‘நிக்க வச்சதுக்கு ஒண்ணும் இல்லீங்க, ஐயா. புள்ளை என்ன சொல்றான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க’ என்றார். சிலப்பதிகாரத்தைப் பல ஆண்டுகள் பாடம் சொன்ன எனக்கு, அதன் பொருளைச் சேற்றுக் காலுடன் நின்ற அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் உணர்த்திவிட்டார். பையன் அடுத்த திங்களன்று பள்ளிக்கு வந்தான். அதன்பின் என் அறைக்கு எந்த மாணவனைக் குற்றவாளி என்று கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, ‘நீ என்ன சொல்கிறாய், தம்பி?’ என்பதையே முதற் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை காவல்துறையில் பணியாற்றலாம். சிலர் நீதிபதிகள் ஆகலாம். பலர் ஆசிரியராகவும் பெற்றோராகவும் ஆவீர்கள். யாரேனும் ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவரை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும் நாள் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். அப்போது அவசர வேலை ஒன்றும் உடன் இருக்கும். பாண்டியனுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. திருவிடைமருதூருக்கு வந்தால் கிழக்கு வாயிலில் நிற்கும் அந்தப் பழைய கைதியையும், மேற்கு வாயிலில் நிற்கும் அந்தப் பழைய அரசரையும் சற்றே நின்று பாருங்கள். ஒரு கேள்வி கேட்கத் தவறியதற்காக ஓர் அரசர் தம் நாட்டையே விட்டு வந்த கதை அது. நாட்டை இழக்காமலே அக்கேள்வியை நீங்கள் கேட்டுவிடலாம்.