ஆன்டிசென்சு டி.என்.ஏ (எச்.ஐ.வி)

எச்.ஐ.வி தீநுண்மத்தின் ஆர்.என்.ஏ-வில் உள்ள ஒரு பகுதியோடு இணை சேருமாறு ஆய்வகத்தில் தொகுக்கப்படும் குறுகிய ஒற்றை டி.என்.ஏ இழை, ஆன்டிசென்சு டி.என்.ஏ எனப்படும். இழையின் அடினின் ஆர்.என்.ஏ-வின் யுராசிலோடும், குவானின் சைட்டோசினோடும் பிணையும். பிணைந்த இடத்தில் புரத ஆக்கம் தடைப்படும். அத்துடன், உயிரணுவிலேயே உள்ள ஆர்.என்.ஏசு எச் என்னும் நொதியம் அந்த ஆர்.என்.ஏ-வை வெட்டிவிடும். டி.என்.ஏ இழையோ சிதையாமல் விடுபட்டு, அடுத்த ஆர்.என்.ஏ-வைப் பற்றும். இம்முறையின் சிறப்பே இதுதான் எனலாம்.

1978இல் பால் சமெக்னிக்கும் மேரி இசுடீபன்சனும் 13 நியூக்ளியோட்டைடுகள் கொண்ட இழையால், கோழிக் கரு உயிரணுக்களில் ரவுசு சார்கோமா தீநுண்மம் பெருகுவதைத் தடுத்தனர். 1986இல் சமெக்னிக் குழுவினர் வளர்ப்பு உயிரணுக்களில் எச்.ஐ.வி பெருகுவதையும் இவ்வாறே தடுத்துக் காட்டினர்.

உடலுக்குள் நிலைமை வேறு. இயற்கை வடிவிலான டி.என்.ஏ இழையை நொதியங்கள் விரைவில் சிதைத்துவிடும். எனவே முதுகெலும்புப் பாசுபேட்டில் ஓர் ஆக்சிசன் அணுவுக்குப் பதில் கந்தகம் சேர்க்கப்பட்டது. இவ்வகையில் 25 நியூக்ளியோட்டைடுகளுடன், எச்.ஐ.வி-யின் காக் மரபணுவை இலக்காகக் கொண்ட செம்-91 மனிதரில் சோதிக்கப்பட்டு, 1997இல் கைவிடப்பட்டது.

1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் ஆன்டிசென்சு மருந்தான ஃபோமிவிர்சன் எச்.ஐ.வி-யைத் தாக்குவதன்று, எயிட்சு நோயாளிகளின் பார்வையைப் பறித்துவந்த சைட்டோமெகலோ தீநுண்ம விழித்திரை அழற்சிக்கானது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் அந்நோய் அருகியபின் அதன் விற்பனையும் நிறுத்தப்பட்டது.