எட்டிப் பார்க்காமல் பார்ப்பது எப்படி?

எனக்கு எட்டு வயது இருக்கும். மொன்றியலில், கோட்-டே-நேஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். ஒரு வசந்தகாலம் எங்கள் பல்கனியில் புறா ஒன்று இரண்டு முட்டை இட்டது. எனக்கு ஆவல் தாங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கதவைத் திறந்து பார்ப்பேன். "அடைகிடக்கிறதைக் குழப்பாதை பிள்ளை" என்று அம்மம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. நான் கேட்கவில்லை. நாலாம் நாள் புறா திரும்பி வரவில்லை. முட்டைகள் குளிர்ந்து போயின.

பல வருடங்களுக்குப் பிறகு, பொறியியலில் முதுகலை படிக்கும்போது ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தேன். பெரிய விஞ்ஞானிகளுக்கும் அதே சிக்கல் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கியூபெக்குக்கு அயலில் இருக்கும் அமெரிக்க மாநிலம் மெய்ன். அதன் கரைக்கு அப்பால் கிரேட் டக் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே லீச்சின் புயற்பறவை மண்ணில் வளை தோண்டி, வருடத்துக்கு ஒரேயொரு முட்டை இடும். கடற்காகங்களுக்குப் பயந்து இரவில்தான் வளைக்கு வரும். வளைக்குள் கைவிட்டுப் பார்த்தால் முட்டையைக் கைவிட்டுப் போய்விடவும் கூடும். நீர்க்காகங்களின் நிலைமை இன்னும் மோசம். அவை கூடு கட்டும் இடத்துக்குள் மனிதர் 15 நிமிடம் போய்வந்தாலே, அந்த வருட முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 20 விழுக்காடு வரை அழியலாம் என்று அந்தக் கட்டுரை சொன்னது. காப்பாற்ற நினைத்துப் போகிறவரே கேடு செய்துவிடுகிறார்!

2002 கோடையில் பெர்க்லியின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், இன்ரெல் ஆய்வுகூடம், மெய்னில் உள்ள கொலேஜ் ஒப் த அற்லாண்டிக் ஆகியவை சேர்ந்து ஒரு வழி கண்டன. 32 சின்னக் கருவிகளைத் தீவில் வைத்தார்கள். அவற்றுக்கு 'மோட்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தூசித் துகள் என்று பொருள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கணினி, ஒரு றேடியோ, இரண்டு ஏஏ பற்றரி, வெப்பத்தையும் ஈரப்பதனையும் அளக்கும் உணரிகள். வளைக்குள் சூடு கூடினால் பறவை உள்ளே இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு மோட் அளந்துவிட்டு, செய்தியை றேடியோவில் அனுப்பிவிட்டு, பற்றரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். செய்திகள் தீவில் ஓரிடத்தில் சேர்ந்து, செய்மதி வழியாக இணையத்துக்குப் போயின. பறவையைக் குழப்பாமல், தூரத்துக் கலிபோர்னியாவில் இருந்தே வளையின் சூட்டை அறியலாம்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. மழையும் மூடுபனியும் உள்ளே புகுந்து பல மோட்கள் பழுதாகின. ஆனால் அந்தப் பிழைகளும் பாடமாகின. அடுத்த வருடம் திருத்திய கருவிகளை இன்னும் கூடுதலாக வைத்தார்கள். கம்பியில்லா உணரி வலையமைப்பு என்ற துறையில் இன்றைக்கும் பேசப்படும் முன்னோடி முயற்சி இது.

இதில் கனடாவுக்கு என்ன? லீச்சின் புயற்பறவைகள் உலகிலேயே அதிகமாகக் கூடுவது நியூபவுண்ட்லாந்தின் பக்கலியூ தீவில். 1984இல் அங்கே 33 இலட்சத்துக்கு மேல் சோடிகள் இருந்தன. 2013இல் ஏறத்தாழ 20 இலட்சம்தான். ஏன் குறைகின்றன என்று அறியக் கிட்டப்போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்க்கிற விதத்திலேயே இன்னும் குறைத்துவிடக் கூடாது.

உங்கள் பல்கனியிலும் ஒரு நாள் புறா முட்டை இடலாம். கதவைத் திறக்காதேங்கோ. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாருங்கோ. அம்மம்மா சொன்னதும் அதுதான்.