சென்னையில் வீட்டு நீர்ப் பயன்பாடு

குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க, வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற என ஒரு குடும்பம் நாள்தோறும் புழங்கும் தண்ணீர் வீட்டு நீர்ப் பயன்பாடு எனப்படும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத பெருநகரமான சென்னையில் இது எப்போதும் மழைக்கணக்கோடு கட்டுண்டது. நகரின் சராசரி ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த கோடையில் குடங்கள் தெருவில் வரிசை கட்டும்.

ஒரு வீட்டில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பதைக் குடும்பத்தாரின் குணத்தைவிட, தண்ணீர் வந்து சேரும் வழியே பெரிதும் முடிவு செய்கிறது. தெருமுனைத் தொட்டியிலிருந்து சுமந்து வருபவருக்கு இன்று எத்தனை குடம் போயிற்று என்பது இடுப்பு வலியிலேயே தெரியும். மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்புபவருக்கு, தொட்டி காலியாகும்வரை எதுவும் தெரியாது. சென்னையில் சிக்கனம் பற்றிய பேச்சு இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது.

நீர் வரும் வழிகள்

புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் தர 1772இல் ஏழு கிணறு வெட்டப்பட்டது. அதற்கு நூறாண்டு கழித்து, 1872இல், செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது. கீழ்ப்பாக்கம் நீர்நிலையம் 1914இலும் பூண்டி நீர்த்தேக்கம் 1944இலும் பயனுக்கு வந்தன. நகரின் மேயராக இருந்து பூண்டிக்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரே அந்தத் தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978இல் அமைந்தது. மக்கள் வாயில் அது மெட்ரோ வாட்டர். கிருஷ்ணா ஆற்று நீருக்கான ஒப்பந்தம் 1983இல் ஆகி, நீர் 1996இல் பூண்டியை எட்டியது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் குழாய் வழியே நீர் வருகிறது. மீஞ்சூர் அருகே 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் தொடங்கின. இரண்டும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் திறன் கொண்டவை.

இந்த இரண்டரை நூற்றாண்டு வரலாறு முழுவதும் இன்னும் தொலைவிலிருந்து இன்னும் அதிகமாகக் கொண்டுவருவதன் வரலாறு. வீட்டுக்குள் வந்த நீர் என்ன ஆகிறது என்று கேட்ட ஆண்டுகள் அதில் மிகக் குறைவு.

வீட்டளவில் பார்த்தால் ஒரே தெருவில் நாலைந்து வகைத் தண்ணீர் உண்டு. குழாயிலோ அடிபம்பிலோ வரும் மெட்ரோ தண்ணீர் தரைக்கடியிலுள்ள சம்ப்பில் சேர்கிறது. புழங்குவதற்குக் கிணறும், போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறும் உண்டு. பல பகுதிகளில் போர்த் தண்ணீர் உப்பு. அதனால் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று வீட்டிலேயே இரண்டு கணக்கு ஓடும். குடிப்பதற்கு 20 லிட்டர் கேன். குழாய் போகாத தெருவுக்கு வாரிய லாரி. அடுக்குமாடிகளுக்குத் தனியார் லாரி. இந்தத் தனியார் லாரிகளின் நீர் பெரும்பாலும் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து ஏற்றப்படுவது. நகரத்துக் குளியலறையில் திறக்கும் குழாய்க்கும் அந்த ஊர் வயலின் நீர்மட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதை லாரிக்குப் பணம் கொடுக்கும்போது யாரும் நினைப்பதில்லை. அளவுக்கு மீறி உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூர் பழைய சாட்சி. அங்கே நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

ஒரு நாளைய கணக்கு

பாதாளச் சாக்கடை வசதி உள்ள நகரங்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கும் அளவு. குடிநீர்ப் பொறியியல் பாடநூல்கள் அதை இப்படிப் பிரிக்கின்றன: குளிக்க 55, கழிவறைக்கு 30, துணிக்கு 20, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, சமைக்க 5, குடிக்க 5. ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும் என்று கொண்டால் 135 லிட்டர் ஒன்பது குடம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு முப்பத்தாறு குடம்.

குடிப்பதற்கும் சமைப்பதற்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு குடம்கூடத் தேவையில்லை. குளியலும் கழிவறையும் மட்டும் 85 லிட்டர், கிட்டத்தட்ட ஆறு குடம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் எது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. விருந்தாளிக்கு அரை டம்ளர் தண்ணீர் கொடுத்து மிச்சம் பிடிக்கும் வீட்டில், ஒழுகும் கழிவறைத் தொட்டி ஓரிரவில் பல குடங்களை விழுங்கியிருக்கும்.

2019

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த நகரம் நாலே ஆண்டில் வறண்டது. 2016இல் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2018இலும் குறைவு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். 2019 ஜூனில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த வினியோகம் 52 கோடி அளவுக்குக் குறைக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அது கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். நகர மக்கள் எல்லாருக்கும் பகிர்ந்தால் தலைக்கு இரண்டு டம்ளர்கூடத் தேறாது.

இதற்கு முன் 2003, 2004இலும் குழாய் வினியோகம் ஏறத்தாழ ஓராண்டு நின்றுபோய், நகரம் லாரியை நம்பி வாழ்ந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று உச்சவரம்பு விதித்தபோது உலகமே அதைப் பேசியது. ஐம்பது லிட்டர் என்பது மூன்று குடமும் சொச்சமும். சென்னையில் லாரித் தண்ணீரை முறை வைத்துப் பிடிக்கும் தெருக்களில் அந்த அளவில், சில நாள் அதற்கும் குறைவாக, எந்த அறிவிப்பும் இல்லாமல் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாத்திரம் அலசிய தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்துவைத்து, குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரில் வாசல் தெளிப்பவர்களுக்குச் சிக்கனம் சொல்லித்தர யாருக்கும் தகுதி இல்லை. கற்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.

குறைக்கும் முறைகள்

முதலில் ஒழுக்கு. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில், நாலாயிரம் சொட்டு ஒரு லிட்டர் எனக் கொண்டால், நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. ஒரு சிறு வாஷரில் தீரும் வேலை இது. சொட்டும் குழாயாவது சத்தம் போடும், கழிவறைத் தொட்டியின் ஒழுக்கு போடாது. தொட்டி நீரில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் போதும். கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் உள்ளே அடைப்பான் தேய்ந்துவிட்டது என்று பொருள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவது இன்னொன்று. மிதவை வால்வோ, தானாக மோட்டாரை நிறுத்தும் கருவியோ பொருத்துவது நல்லது. ஒலியெழுப்பும் அலாரத்தை மட்டும் நம்பினால், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அது யாருக்குக் கேட்கும்?

அடுத்தது குளியல். வாளியும் சொம்பும் கொண்டு குளித்தால் 20 லிட்டர் தாராளம். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர், நாலு வாளி. வாளிக் குளியல் இந்த ஊரின் பழைய வழக்கம், அதை விட்டுவிட வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. ஷவரே வேண்டும் என்பவர்கள் சோப்புப் போடும்போது அடைத்து, அலசும்போது திறந்தால் பாதிக்கு மேல் மிச்சமாகும்.

குழாய் முனையில் திருகும் ஏரேட்டர் எனும் சிறு வலை, நீரோடு காற்றைக் கலந்து, கை நனையும் உணர்வு குறையாமல் நீரின் அளவைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். பெங்களூரில் 2024 வறட்சியின்போது வணிக நிறுவனங்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் உப்புத் தண்ணீர் அந்த வலையைச் சில மாதங்களில் அடைத்துவிடும். கழற்றி எலுமிச்சைச் சாறு பிழிந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டினால் மறுபடி ஓடும். இதைச் சொல்லாமல் விற்பதால்தான் பல வீடுகளில் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

ஆர்.ஓ. கருவி வீட்டுக்கு வந்தபின் தோன்றிய புதுச் செலவு அதன் கழிவுநீர். ஒரு லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் மூன்று லிட்டரைப் பல கருவிகள் வெளியே தள்ளும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே கரைந்த உப்புள்ள நீருக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது. எனவே வாங்கும் முன் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது முறை. ஏற்கெனவே இருந்தால் கழிவுக் குழாயை வாளிக்குள் விட்டு, அந்நீரை வீடு துடைக்கவும் கழிவறைக்கும் எடுக்கலாம். உப்பு மிகுந்திருப்பதால் செடிக்கு நல்லதல்ல. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, அது செடிக்கு ஆகும்.

பழைய வீடுகளில் கிணற்றடியில் துவைகல் இருக்கும். அங்கிருந்து ஓடும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்தது. இந்த வழக்கத்தை இன்றைய வீட்டுக்கு ஏற்ப மீட்டவர்களில் சென்னையைச் சேர்ந்த வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே குறிப்பிடத்தக்கவர். குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் கல்வாழை போன்ற செடிகள் உள்ள பாத்தியில் விட்டு, மண்ணில் இறங்கச் செய்வது அவர் பரவலாக்கிய முறை. எண்ணெய்ப் பிசுக்குள்ள சமையலறை நீர் இதற்கு ஆகாது. தேக்கிவைத்தால் மறுநாளே நாறும் என்பதால் அன்றன்றே விட்டுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவானது அளவு மானி. சென்னை வீடுகளில் பெரும்பாலானவை எவ்வளவு பயன்படுத்தினாலும் ஒரே கட்டணம் செலுத்துகின்றன. அடுக்குமாடிகளில் லாரிச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் எல்லா வீட்டுக்கும் பகிரப்படும். இருவர் வாழும் வீடும் ஆறு பேர் வாழும் வீடும் ஒரே தொகை கொடுக்கும்போது குறைத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. வீடுதோறும் மானி வைத்த குடியிருப்புகளில் முதல் மாதப் பட்டியல் கைக்கு வந்ததுமே செலவு இறங்குவதைக் காணலாம். பழைய கட்டடங்களில் இதைச் செய்வது எளிதல்ல. ஒவ்வொரு குளியலறைக்கும் மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்குவதால் ஒரே வீட்டுக்கு மூன்று நான்கு மானி தேவைப்படும். புதிதாகக் கட்டும்போதே ஒரே நுழைவுக் குழாய் வைக்கச் சொல்லிக் கேட்பது வீடு வாங்குபவர் செய்யக்கூடியது.

மழைநீர்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. சேகர் ராகவன் போன்றோர் அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே வீடு வீடாகச் சென்று இதை எடுத்துச் சொல்லிவந்தார்கள். ராகவனின் முயற்சியில் ரெயின் சென்டர் எனும் மழைநீர் மையம் 2002இல் தொடங்கியது. சட்டத்துக்குப் பின் வந்த நல்ல மழை ஆண்டுகளில் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

ஆயிரம் சதுர அடிக் கூரையில் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 1,30,000 லிட்டர். சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் கிடைத்தாலும் 135 லிட்டர் வீதம் நால்வர் குடும்பத்துக்கு ஆறு மாதம் தாங்கும். அவ்வளவையும் தேக்க இடம் இல்லாததால் நிலத்துக்குள் இறக்குவதே நடைமுறை. ஆனால் சான்றிதழுக்காகத் தோண்டிய குழிகள் பல, மண் தூர்ந்து செயலற்றுக் கிடக்கின்றன. செப்டம்பரில் கூழாங்கல்லை எடுத்துக் கழுவி, மணலை மாற்றி, மாடியைப் பெருக்கி, முதல் மழையை வெளியே விட்டபின் குழாயைத் திருப்ப வேண்டும். திறந்த கிணறு உள்ள வீட்டுக்குத் தனிக் குழி வேண்டாம். வடிகட்டிக் கிணற்றில் விட்டாலே போதும்.

குறைப்பின் மதிப்பு

வீட்டில் புழங்கும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியேறும் என்று கொண்டே கழிவுநீர்த் திட்டங்கள் வகுக்கப்படுகின்றன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் 2019இல் வந்தன. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். வீட்டில் குறையும் ஒவ்வொரு குடமும் இந்தச் சாக்கடையையும் மின்சாரத்தையும் சேர்த்தே குறைக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இன்றைய மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 67 லட்சம் பேர். ஆளுக்கு ஒரு குடம் குறைந்தால் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். மீஞ்சூர் நிலையத்தின் முழுத் திறனும் அவ்வளவுதான். லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களில் குறைப்பதற்கு ஒரு குடம் இல்லை. மோட்டார் உள்ள வீடுகள் பாதி எனக் கொண்டு, அங்கே ஆளுக்கு இரண்டு குடம் குறைந்தாலும் கணக்கு அதேதான். பத்து லிட்டர் பிடிக்கும் பழைய கழிவறைத் தொட்டியை ஒருவர் நாளைக்கு ஐந்து முறை இழுத்தால் 50 லிட்டர். ஆறும் மூன்றும் லிட்டர் விடும் இரட்டை விசைத் தொட்டியாக மாற்றினால் அதே ஐந்து முறைக்கு, ஒரு முறை ஆறும் நான்கு முறை மூன்றுமாக, 18 லிட்டர். அந்த இரண்டு குடம் இந்த ஒரு மாற்றத்திலேயே கிடைத்துவிடுகிறது.