பெங்களூரு பக்கம்தான், ஆனால் படுக்கை? கொரோனா காலம் ஓசூர், கிருஷ்ணகிரிக்குச் சொன்ன பாடம்

2020 மே மாதத் தொடக்கத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனப் பிரித்தபோது, தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. சில நாட்களிலேயே இங்கும் தொற்று உறுதியானது. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் நம் மக்கள் அலைந்ததை யாரும் மறக்கவில்லை.

கிருமி ஒன்றுதான். ஆனால் ஊருக்கு ஊர் விளைவு வேறுபட்டது. வயது, நெரிசல், ஏற்கெனவே இருந்த நோய்கள் எனக் காரணங்கள் பல. நம் எல்லைப் பகுதியில் மருத்துவம் கைக்கு எட்டியதா என்பதும் அவற்றில் முக்கியமானது.

தூரம்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். பெரிய நோய் என்றால் அங்கே ஓடுவதே நம் வழக்கம். ஊரடங்கில் அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரு மக்களுக்கே அங்கே படுக்கை கிடைக்கவில்லை. பெரிய நகரம் பக்கத்தில் இருப்பது வேறு, அங்கே நமக்கு இடம் கிடைப்பது வேறு.

சொந்த மாவட்டத்தின் நிலை என்ன? 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரிக்கு முதல் இரண்டு அலைகளிலும் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. தருமபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். ஓசூரிலிருந்து தருமபுரி, பெங்களூருவைவிட இரு மடங்குக்கும் மேல் தூரம். அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களுக்கு ஓசூரே தூரம்தான். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்து வைக்கப்பட்டது.

வெளியூரை நம்பியிருப்பதன் ஆபத்தைக் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் காட்டியது. மைசூரிலிருந்து ஆக்சிஜன் வர வேண்டியிருந்த அந்த மாவட்ட மருத்துவமனையில் 2021 மே 2, 3 தேதிகளில் 24 நோயாளிகள் இறந்தனர்.

செலவு

தனியார் மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏற்கும் ஆணை 2021 மே 7 அன்று வந்தது. அட்டை கையில் இருந்தவருக்கு அது பெரிய உதவி. சிப்காட் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஏதாவது ஒரு மருத்துவப் பாதுகாப்பு இருக்கும். ஒப்பந்தக்காரர் பதிவு செய்யாமல் விட்ட தொழிலாளிக்கு எதுவும் இல்லை.

முன்பே இருந்த நோய்

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைக் கொரோனா கடுமையாகத் தாக்கியது. இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான்.

நாம் செய்ய வேண்டியவை

• காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பங்களை ஜமாஅத் கணக்கெடுத்து விண்ணப்பிக்க உதவ வேண்டும்.
• ஒப்பந்தத் தொழிலாளிகள் தங்கள் இஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.
• நாற்பது வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.
• அவசரத்துக்கு 108. எந்த மருத்துவமனையில் என்ன வசதி உண்டு என்பதை இப்போதே தெரிந்து வைக்க வேண்டும்.

ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள், தோழர்களிடம் ஆலோசித்து வழியிலேயே திரும்பினார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு முரணானது அல்ல. அடுத்த நோய் வரும் முன் நம் வீட்டு ஏற்பாட்டை நாம் முடித்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.