ஒருசாலை மாணாக்கர்

ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதத் தகுந்தவர் யார் யார் என்று வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள், ஆசிரியனையும் மாணவனையும் உரைகாரனையும் மட்டும் சொல்லி அமையவில்லை. உடன் கற்றவனையும் அவ்வரிசையில் வைத்தனர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது உரைமரபு. சாலை என்றால் அங்கே பள்ளி. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது வழி. பொருள் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. ஏனெனில் இந்த முத்துக்குளித்துறைக் கரையைப் பொறுத்தவரை, மாணவர் ஒருவரையொருவர் முதலில் கண்டது பெரும்பாலும் பள்ளியில் அன்று, வழியில்தான்.

கல்லூரி வரலாறு எழுதுவோர் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து தொடங்குவர். விடுதிக்கு எத்தனை அறை, காப்பாளர் யார், யார் நன்கொடை தந்தார் என்பனவெல்லாம் கல்வெட்டில் இருக்கும். அவ்வறைகளில் வாழ வந்தவர் முதன்முதலில் எங்கே சந்தித்தனர் என்பதற்குக் கல்வெட்டில்லை. கப்பல் தளத்திலும், இரயில் நிலையத்துப் பெஞ்சிலும், ஒரு பண்டிதர் வீட்டுத் திண்ணையிலும் அது நிகழ்ந்திருக்கும். ஆயினும் விடுதியில் அவர்கள் எப்படி வாழ்ந்தனர் என்பதை அந்தச் சந்திப்பே பல வேளைகளில் முடிவு செய்துவிடுகிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவன், மேலே கயிற்றைப் பிடிப்பவன் யாரென்று அறியாமல் இறங்கியதில்லை. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அந்த அறிவு இக்கரையில் அதற்கும் நெடுங்காலம் முற்பட்டது.

நமக்குச் சான்றுடன் கிடைக்கும் முதற் கதை 1542ஆம் ஆண்டினது. அவ்வாண்டு அக்டோபரில் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து அவர் எழுதிய மடல் இன்றும் இருக்கிறது. தாம் தனியே வரவில்லை, இந்த நாட்டிலேயே பிறந்த மாணவர் மூவர் தம்முடன் வந்தனர் என்று அதில் எழுதுகிறார். அம்மூவரும் போர்த்துக்கீசியம் அறிந்தவர், தாய்மொழியை மறவாதவர். கோவாவில் அயல்நாட்டு இளைஞர்க்கென ஒரு கல்லூரி அமைக்கும் முயற்சி தொடங்கியது 1541இல்தான் என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே அம்மூவரும் கற்றுத் தேர்ந்தவராய்ச் சொந்தக் கரைக்குத் திரும்புகின்றனர். ஆக, அந்தக் கல்லூரியின் சுவர்கள் எழுந்து முடியும் முன்பே அவர்கள் அதன் மாணவராய் இருந்தவர்கள். விடுதி அவர்களை ஒன்று சேர்க்கவில்லை. ஒன்று சேர்ந்திருந்தவர்களுக்காக விடுதி பின்னால் வந்தது.

சவேரியாரின் சொந்த வாழ்க்கையோ இதற்கு நேர்மாறானது. பாரிசில் சாந்த் பார்பு கல்லூரி விடுதியில் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் பியர் பாவர். 1529இல் அந்த அறைக்கு மூன்றாமவராய் வந்து சேர்ந்தவர் இனிகோ என்ற இலொயோலா இஞ்ஞாசியார். ஓர் அறை தற்செயலாக யாரை உடன் தருகிறது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதைச் சவேரியார் நன்கு அறிந்திருப்பார். ஆனால் கோவாவிலிருந்து குமரிமுனை வழியாக இந்தக் கரைக்கு வந்தபோது, அவருடைய தோழமை அறையில் பிறந்தது அன்று. நடந்து வந்த மணலில் பிறந்தது. 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் அவர் தம் இக்கட்டை மறைக்காமல் சொல்கிறார். அவர் தாய்மொழி பாசுக்கு. மக்கள் மொழி தமிழ். எனவே இருமொழியும் அறிந்தவர்களைத் தேடிக் கூட்டி, பல நாள் உட்கார்ந்து, பெரும்பாடுபட்டு மன்றாட்டுகளை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். மடல் முழுதும் அவரே தன்மையில் பேசுகிறார். மொழிபெயர்த்த உள்ளூர்க்காரரின் பெயர் அதில் இல்லை. வரலாற்றில் உடன் கற்றவன் பாயிரம் எழுதும் இடத்தை இழப்பது இப்படித்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குறை ஓரளவு நீங்கிற்று. 1554இல் லிசுபன் நகரில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழ் மொழி, உரோமன் எழுத்து, கறுப்பும் சிவப்புமாக இருவண்ண அச்சு. தமிழ்ச் சொற்கள் அச்சேறிய முதல் நூல் அதுவே. அதை ஆக்கியவர்களாகக் குறிக்கப்படுவோர் மூவர்: வின்சென்தெ தெ நசரெத், சோர்சே கர்வாலோ, தோமா த குரூசு. பெயர்கள் போர்த்துக்கீசியம், ஆட்கள் தமிழர். 1542இல் வந்த மூவரையும் இவர்களையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஆசை யாருக்கும் எழும். அதற்குச் சான்றில்லை; அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே வரலாற்றுக்கு நல்லது. தாய்நாட்டிலிருந்து அத்தனை தொலைவில் மூன்று தமிழர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, 'ழ'கரத்தை எந்த உரோமன் எழுத்தால் குறிப்பது என்று பேசியிருக்க வேண்டுமே, அந்த ஒரு காட்சி போதும். பிறகு 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழெழுத்திலேயே அச்சானதும், 1586இல் நம் புன்னைக்காயலில் அண்டிரிக்கு அடிகளாரின் அடியார் வரலாறு அச்சானதும் இம்மலரைப் படிப்போர் அறிந்தவையே.

நீராவிக் காலத்துக்கு வருவோம். 1876இல் இரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டது. அன்றுமுதல் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் வழி இதுவாயிற்று. துறை ஆழமற்றது; கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகில் அலையில் ஆடிச் சென்று ஏற வேண்டும். அப்படி ஆடிச் செல்லும் அரைநாளில் பக்கத்திலிருப்பவனிடம் பேசாமல் இருப்பது எவராலும் இயலாது. தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட ஏழைக் குடும்பங்களும் இதே துறையில்தான் ஏறின. படிக்கப் போகிறவனும் கொழுந்து பறிக்கப் போகிறவளும் ஒரே கடலைக் கடந்தனர். ஒரே தளத்தில் அன்று. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். அக்கப்பல்களில் ஏறியவர்கள் தமக்குள் என்ன பேசினர் என்பதை எழுதியவர் அரியர்.

யாழ்ப்பாணத்து மாணவர்க்குப் பருத்தித்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் பழைய வழியும் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த 1857ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பட்டதாரிகளாய்த் தேறியவர் சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஏற்கெனவே ஆசிரியரும் மாணவருமாய் அறிமுகமானவர்கள். அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. கட்டடம் கலைந்த பின்னும் அறிமுகம் கலையவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், கொழும்பு மெயில் தனுஷ்கோடி வழியே திரும்பிற்று. தூத்துக்குடி அந்தப் பயணிகளை இழந்தது. ஆனால் கடல் கடந்து படிக்க வரும் வழக்கம் பெருகியதே தவிரக் குறையவில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அது உறைவிடப் பல்கலைக்கழகம். மாணவர் அங்கேயே தங்க வேண்டும். அதன் தமிழ்த்துறைக்கு 1931இல் பேராசிரியராய் வந்தவர் மட்டக்களப்பின் விபுலாநந்த அடிகள். அவருக்குப் பின் 1933இல் வந்தவர் நம் எட்டயபுரத்துச் சோமசுந்தர பாரதியார். தூத்துக்குடியில் வழக்குரைஞராயிருந்து வ.உ.சி.யோடு பழகியவர். இலங்கைக் கரையிலிருந்து ஒருவர், இக்கரையிலிருந்து ஒருவர். அங்குப் படிக்க வந்த இலங்கை மாணவர் பலரும் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயிலில் ஓர் இரவைக் கழித்துச் சிதம்பரம் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் மலையகத்தானும் ஒரே கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டபின் விடுதியின் வாயிலை மிதித்தால், அவர்களுக்கு அது அந்நிய இடமாகத் தோன்றாது.

இந்த வழியில் வந்தவர்களுள் ஒருவரைப் பற்றி நின்று பேச வேண்டும். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள், உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருவானவர். பின்னர்த் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு வந்தார். மேலைமொழிகள் பல கைவந்தவர்க்குத் தமிழ் இலக்கியம் கைவரவில்லை. வடக்கன்குளம் தெரேசம்மாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராய் இருந்த ஆண்டுகளில், அங்கிருந்த தமிழ்ப் பண்டிதரிடம் அவரே மாணவராய் அமர்ந்தார். பகலில் தம் அதிகாரத்துக்கு உட்பட்டவர், பாடவேளையில் தம் குரு. உரோமையில் பட்டம் பெற்ற ஒருவர்க்கு இது எளிய செயல் அன்று.

1945இல் அவர் அண்ணாமலைநகர் சென்றபோது வயது முப்பத்திரண்டு. உடன் கற்றவர்கள் தம்பிமார் வயதினர். அங்கே முதுகலையும், அதன்பின் சங்கப் பாடல்களில் இயற்கை பற்றிய ஆய்வும் செய்தார். வடக்கன்குளத்து ஆண்டுகளே அவரைப் பல்கலைக்கழகத்துக்குத் தகுதியாக்கின என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் சொல்வர். நான் வேறொன்றைச் சேர்ப்பேன். பிறரோடு சமமாய் உட்கார்ந்து கற்பது எப்படி என்பதை விடுதிக்குப் போகும் முன்பே அவர் கற்றிருந்தார். அதனால்தான் அவர் நடத்திய எல்லாமே கூட்டாகவே அமைந்தன. 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். 1952இல் தமிழ்ப் பண்பாட்டை ஆங்கிலத்தில் உலகுக்குச் சொன்ன காலாண்டிதழ். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டுக்கு வந்திருந்த பலநாட்டு அறிஞரைக் கூட்டித் தொடங்கிய அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு. வேறு வேலையாய் ஓரிடத்துக்கு வந்தவர்களை வாயிலிலேயே பிடித்து அறிமுகம் செய்துவைக்கும் கலை அவருடையது. லிசுபனில் கிடந்த 1554ஆம் ஆண்டு நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அம்மூன்று பெயர்களையும் அவர் படித்தபோது என்ன நினைத்தாரோ! பத்தாண்டைக் கடக்கும் நம் போன்ற சிறு வட்டங்கள் தமக்கு முன்னோர் யாரென்று தேடினால், தூத்துக்குடித் தெருவொன்றில் அந்தக் கழகத்தைக் கண்டுகொள்ளலாம்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் போரின் நடுவே நின்றது. அதற்குப்பின் அக்கரை மாணவர் இக்கரைக்கு வந்தது படிக்க அன்று, உயிர் பிழைக்க. 2011 சூனில் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது பழையவர்கள் கரையில் நின்று பார்த்தனர். நவம்பரில் அது நின்றுபோயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் விடப்பட்டது. தூத்துக்குடித் துறையில் இன்று சரக்குப் பெட்டகங்களே கடல் கடக்கின்றன.

வழியில் சந்திப்பது அருகியபோது வாயிலில் என்ன நேரும் என்பதையும் நாம் பார்த்தோம். 1996 நவம்பரில் அண்ணாமலைநகரில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழகம் கேலிவதையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியது; இந்தியாவில் முதற் சட்டம் அதுவே. அதனை நான் குறைத்துச் சொல்லவில்லை, சட்டம் வேண்டியதுதான். ஆனால் புதியவனை முதலில் எதிர்கொள்பவன் யார் என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லாது.

பொறியியல் கலந்தாய்வுக்காகச் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் கூடிய கூட்டம் அதற்கு ஒருவகை விடையாக இருந்தது. சாத்தான்குளத்துப் பையனும் விளாத்திகுளத்துப் பையனும், தந்தையர் மரநிழலில் துண்டு விரித்துப் படுத்திருக்க, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட இடம் அது. பெயர் அழைக்கும்முன் அவர்களுக்குள் பாதி நட்பு முடிந்திருக்கும். 2018முதல் அந்தக் கலந்தாய்வு இணையவழியாயிற்று. செலவும் அலைச்சலும் குறைந்தன; ஏழைத் தந்தையர்க்கு அது பெரிய ஆறுதல். மரநிழல் மட்டும் காலியாயிற்று.

மிஞ்சியிருப்பது முத்துநகர் விரைவு வண்டி. கல்லூரி திறக்கும் நாள்களில் இரவு தூத்துக்குடி நிலையத்துக்குப் போனால் பார்க்கலாம். புது வாளி, புதுப் பாய், மக்ரூன் பொட்டலம், படுக்கை எண்ணைத் தேடும் தாய். எதிர்ப்படுக்கையிலும் அதே புது வாளியைக் கண்டவுடன் அவள் பிள்ளையிடம் அன்று, அந்தப் பிள்ளையின் தாயிடம் கேட்கிறாள்: "உங்க பையனுக்கும் அந்தக் காலேஜ்தானாக்கா?" வண்டி மணியாச்சி வருவதற்குள் இரு பையன்களும் ஒரே சன்னலோரத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.