தறிக்கூடம் – 7: இருட்டிய பின் வந்த அரிசி

வாடியா கையெழுத்துப் போட்டாரா? சென்ற வாரம் அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

போட்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவராக இருந்தவர், மூன்று வருடம் முடிவதற்குள் சங்கத்தை விட்டே விலக ஒப்புக்கொண்டார். பெரம்பூர் பின்னி ஆலை நிர்வாகம் அவர்மீதும் சங்கத்தின் மற்ற தலைவர்கள்மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளிகளைத் தூண்டினார்கள், அதற்கு நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. சங்கம் வைத்தவர்களைக் காப்பாற்ற அன்று நாட்டில் ஒரு சட்டமும் கிடையாது. வாடியா விலகினார், 1921 ஜனவரியில் கதவடைப்பு முடிந்து ஆலை திறந்தது.

இந்த வழக்கு டில்லி வரை எதிரொலித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். நடுவில் இருந்த ஐந்து வருடத்தை அரிசியும் விறகும் வாங்கிக் கடத்த வேண்டியவர்கள் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் இருந்தார்கள். அவர்களில் பட்டாளத்துக்காரரான என் தாத்தா ஒருவர்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. தறிக்கூடத்தில் வேலை. வீட்டில் பாட்டியும், ஒரு வயது நிரம்பாத பெரியத்தையும். நான் பார்த்த தாத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். தறிக்கூடத்தில் பழகிய கை ஜாடையை வீட்டிலும் விடவில்லை: ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சேர்த்து இழுத்தால் "நூல் அறுந்துபோச்சு" என்று அர்த்தம். வீட்டில் யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் அந்த ஜாடையைக் காட்டி, புருவத்தை உயர்த்தி "என்ன ஆச்சு?" என்று கேட்பார். சம்பளத்தைக் கடைசி வரை பாட்டியிடம் எண்ணிக் கொடுத்தவர். ஏழு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர்.

இனி 1921 கோடைக்குப் போவோம்.

மே மாதம் பின்னியின் கர்நாடிக் ஆலையின் நூற்புப் பகுதியில் தகராறு கிளம்பியது. நிர்வாகம் ஆலையைப் பூட்டியது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் ஆலைத் தொழிலாளிகளும் அவர்களுக்கு ஆதரவாக வெளியே வந்துவிட்டார்கள். வாடியா இல்லாத சங்கத்தின் பாரம் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. வாடியாவின் ஆங்கிலப் பேச்சைத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது, திரு.வி.க.வின் பேச்சுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவரை ஆளுநர் வில்லிங்டன் பிரபு நேரில் அழைத்து, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டினார். திரு.வி.க. அசையவில்லை.

ஆனால் சங்கத்துக்குள்ளேயே விரிசல் விழுந்தது.

ஆலையில் ஆதிதிராவிடத் தொழிலாளிகள் கணிசமாக இருந்தார்கள். முந்தைய கதவடைப்பில் பட்ட கடனே அவர்களுக்குத் தீரவில்லை. அடகு வைக்க நகையோ விற்க நிலமோ கிடையாது. சங்கத்தின் மேல்மட்டத்திலும் அவர்களுடைய ஆட்கள் இல்லை. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா வேலைக்குத் திரும்பச் சொன்னார்; பலர் திரும்பினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆறு மாதத்துக்கு முன் கதவடைப்பின்போது ஒரே வாசலில் ஒன்றாக நின்றவர்கள், சாதியின் பேரால் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தார்கள். இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிற நாம் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தாத்தாவின் பக்கத்துத் தறிக்காரர் புளியந்தோப்புக்காரர். இவர் நகர்ந்தால் இவருடைய தறியை அவர் பார்ப்பார். அவர் நகர்ந்தால் இவர் பார்ப்பார். அந்த மனிதரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ஆகஸ்டில் தாத்தா வீட்டு வெண்கல அண்டா அடகுக்கடைக்குப் போனது. அதற்குப் பின்னால் பாட்டியின் கொலுசு. கேழ்வரகுக் கூழும் ஒரு வேளைக்குச் சுருங்கியது. பாட்டிக்குப் பால் வற்றி, குழந்தை ராத்திரியெல்லாம் அழுதது.

மாதக் கடைசியில் ஒருநாள், இருட்டிய பிறகு, கொல்லைப்புறப் படலை யாரோ அசைத்தார்கள். பாட்டி போய்ப் பார்த்தாள். பக்கத்துத் தறிக்காரரின் மனைவி, முந்தானைக்குள் ஒரு தூக்குச்சட்டியோடு நின்றாள். அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குள் வந்தது தெரிந்திருந்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் அவளைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

"புள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடும்மா. அவருதான் குடுத்துட்டு வரச் சொன்னாரு."

சட்டியில் அரைப்படி புழுங்கல் அரிசி. வேலைநிறுத்தத்தை உடைத்துப் போனவரின் கூலியில் வாங்கியது.

பாட்டி உடனே உலை வைக்கவில்லை. கூட்டத்திலிருந்து தாத்தா வரட்டும் என்று சட்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வந்தவர் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். பாட்டி சொன்னாள்.

வேலைக்குத் திரும்பியவர்களைத் துரோகி என்று தாத்தா தன் ஆயுளில் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டுக் குழந்தையும் அதே பசியில்தான் அழுதது. ஆனால் அந்த ராத்திரி அவர் மனதில் என்ன ஓடியது என்பது பாட்டிக்கே தெரியவில்லை. வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்தார். அரிசி அதில் அப்படியே இருந்தது. திருப்பிக் கொடுக்கவா, வேறு எதற்காகவா என்று ஒன்றும் சொல்லாமல் புளியந்தோப்பை நோக்கி நடந்தார்.

அன்று ஆகஸ்ட் 28. மறுநாள் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். அந்தச் செய்தி பட்டாளத்துக்கு வந்து சேர்ந்தபோதும் தாத்தா வீடு திரும்பியிருக்கவில்லை.

(தொடரும்)