ஐயமே தீர்ப்பாகும்போது: அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டும் சான்றும்

2013 ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வாக்களித்தபோது, நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்க்கூடத்துக்கு ஒருவரும் தேர்வாகவில்லை. தகுதியுள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. 762 ஹோம் ரன் அடித்து வரலாற்றில் முதலிடத்தில் நிற்கும் பாரி பாண்ட்ஸ் அந்த வாக்குச்சீட்டில் இருந்தார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வென்ற ரோஜர் கிளெமென்ஸ் இருந்தார். 3,060 ஹிட் கண்ட கிரெய்க் பிஜியோ, கேட்ச்சர்களில் எவரும் எட்டாத அளவுக்கு ஹோம் ரன் குவித்த மைக் பியாட்சா, ஹூஸ்டன் அணியின் ஜெஃப் பேக்வெல் ஆகியோரும் இருந்தனர். தேர்வு பெற 75 விழுக்காடு வாக்கு வேண்டும். பாண்ட்ஸுக்கு 36.2, பியாட்சாவுக்கு 57.8, பேக்வெல்லுக்கு 59.6, பிஜியோவுக்கு 68.2 என்று எல்லாருக்கும் குறைந்தே விழுந்தது.

இவர்கள் ஐவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்ததில்தான் பிழை தொடங்குகிறது. பாண்ட்ஸ் மீது நீதிமன்றம் வரை சென்ற வழக்கும் ஆவணங்களும் இருந்தன. கிளெமென்ஸ் மீது பெயர் சொல்லிச் சாட்சியம் அளித்த ஒருவர் இருந்தார். பியாட்சா, பேக்வெல் ஆகியோர் மீது இருந்தது அவர்களுடைய உடற்கட்டும் அவர்கள் ஆடிய காலமும் மட்டுமே. ஊக்கமருந்துப் பழியைப் பற்றிய விவாதம் 'யார் எடுத்தார்' என்ற கேள்வியிலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. 'எதை வைத்து நம்புகிறோம்' என்ற கேள்வி அதற்கு முந்தியது. அதற்கு விடை தேடும்போது, வீரர்கள் மீது விழுந்த ஐயத்தை உண்டாக்கியவர்கள் விளையாட்டை நிர்வகித்தவர்களே என்பது தெரியவரும். இக்கட்டுரையின் வாதம் அதுவே.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். அமெரிக்க நாடாளுமன்றம் 1990இல் இயற்றிய சட்டம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 1991 ஜூனில் அன்றைய ஆணையர் ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டு உட்படச் சட்டவிரோத மருந்துகள் பேஸ்பாலில் தடைசெய்யப்பட்டவை என்று அணிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தடை இருந்தது, சோதனை இல்லை. சோதனைக்கு வீரர்கள் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும்; சங்கம் தனியுரிமையைக் காரணம் காட்டி மறுத்துவந்தது. அணி உரிமையாளர்களும் அதற்காகப் போராடவில்லை. 1994ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் விலகிப்போயிருந்தனர். அவர்களை மைதானத்துக்குத் திரும்ப அழைத்துவந்தது 1998இன் ஹோம் ரன் போட்டி. 1961இல் ரோஜர் மேரிஸ் அடித்த 61ஐத் தாண்டி மார்க் மெக்வயர் 70ம் சாமி சோசா 66ம் அடித்தனர்.

அந்த ஆகஸ்ட் மாதத்தில் உடைமாற்றும் அறையில் மெக்வயரின் பெட்டகத்தில் ஆண்ட்ரோஸ்டீன்டியோன் என்ற மருந்துப் புட்டி ஒன்று ஒளிவுமறைவின்றி இருந்ததை அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன் கண்டு எழுதினார். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடைசெய்யப்பட்டிருந்த அப்பொருள் அன்று கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. பேஸ்பால் அதைத் தடுக்கவில்லை, 2004இல்தான் தடுத்தது. புட்டியைப் பற்றி நிர்வாகத்தைக் கேள்வி கேட்டவர்கள் சிலரே. அதைப் பார்த்து எழுதிய செய்தியாளர் மீதுதான் பலரும் சினந்தனர். பிற்பாடு எழுந்த எல்லா ஐயத்துக்கும் வித்து அந்த வாரங்களில் விழுந்தது என்பது என் கருத்து. நேரில் கண்ட சான்றைக் கையில் எடுக்க மறுத்த ஒரு துறை, பத்தாண்டு கழித்து ஊகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

முதல் சோதனை 2003இல் நடந்தது. அதுவும் கணக்கெடுப்புதான். வீரர்களின் பெயர் வெளியாகாது, தண்டனை கிடையாது. 5 விழுக்காட்டுக்கு மேல் மருந்து தெரிந்தால் அடுத்த ஆண்டு முதல் முறையான சோதனை என்பது உடன்பாடு. முடிவு 5 முதல் 7 விழுக்காட்டுக்குள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மாதிரிகளும் பட்டியலும் அழிக்கப்படுவதற்கு முன், 2004 ஏப்ரலில், வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனம் பற்றிய புலனாய்வில் ஈடுபட்டிருந்த கூட்டரசு அதிகாரிகள் அவற்றைக் கைப்பற்றினர். பத்து வீரர்களின் பதிவுகளுக்காக ஆணை பெற்றுச் சென்றவர்கள் நூற்றுக்கணக்கானோரின் பதிவுகளை அள்ளிச் சென்றது தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதற்குள் பெயர்கள் கசியத் தொடங்கிவிட்டன. 2009இல் அலெக்ஸ் ராட்ரிகஸ், சோசா, மேனி ரமிரெஸ், டேவிட் ஒர்டீஸ் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றாகச் செய்தித்தாள்களில் வந்தன.

ஒர்டீஸின் நிலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்று அவருக்கே சொல்லப்படவில்லை. அரசின் கையிலிருந்த பெயர்களின் எண்ணிக்கை உண்மையில் மருந்து தெரிந்த மாதிரிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதல் என்று வீரர்கள் சங்கம் விளக்கியது. அந்தப் பட்டியலில் பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அறிவியல் நோக்கில் ஐயத்துக்குரியவை என்று 2016இல் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் வெளிப்படையாகவே சொன்னார். 5 விழுக்காட்டு வரம்பு ஏற்கெனவே தாண்டப்பட்டிருந்ததால், தகராறுக்குரிய முடிவுகளைத் தீர்த்துவைக்க அன்று எவரும் முயலவில்லை. ஆட்களை அடையாளம் காண அமைக்கப்படாத ஓர் அளவீட்டை ஆட்களைக் குற்றவாளியாக்கப் பயன்படுத்தினால் விளைவது இதுதான். முறையான சோதனை தொடங்கிய பிறகு, 2016இல் ஓய்வு பெறும்வரை ஒர்டீஸ் எதிலும் சிக்கவில்லை. அதே பட்டியலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ரமிரெஸ் 2009இலும் 2011இலும் விதி மீறி அகப்பட்டார். பட்டியல் இருவரையும் ஒன்றாகக் காட்டியது. முறையான சோதனை பிரித்துக் காட்டியது.

நம் மரபில் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று அளவை நூலார் வகுத்தனர். சோதனை காண்டலைச் சார்ந்தது. உடலைப் பார்த்தும் எண்களைப் பார்த்தும் முடிவுகட்டுவது கருதல். புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று கருதுவது செல்லும். நெருப்பில்லாத இடத்தில் புகை எழுவதில்லை என்ற துணிபு அதற்கு அடிப்படை. பேஸ்பாலில் அந்த அடிப்படை இல்லை. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் பியாட்சாவை 1988இல் 62ஆம் சுற்றில், 1,390ஆம் ஆளாகத்தான் எடுத்தார்கள். அப்படிப்பட்டவர் இவ்வளவு உயர்ந்தது எப்படி என்று கேட்டார்கள். அவர் முதுகில் இருந்த பருக்களைக்கூட ஒரு மூத்த விளையாட்டு எழுத்தாளர் சான்றாக எழுதினார். பேக்வெல் 1990இல் கீழ்நிலைத் தொடரில் ஆடிய நியூ பிரிட்டன் அணிக்காக ஒரு பருவம் முழுவதும் அடித்தது 4 ஹோம் ரன். 1994இல் ஹூஸ்டனில் அடித்தது 39. எடைப் பயிற்சி, வயது, மைதானத்தின் அளவு, தாமதமாக வந்த முதிர்ச்சி ஆகிய எல்லாமே அதே புகையை எழுப்பக்கூடியவை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு வீரர்களில் பத்துப் பேர் மருந்து எடுப்பவர்கள்; அவர்கள் எல்லாருக்கும் பருத்த தோள்கள் உண்டு. எடுக்காத தொண்ணூறு பேரில் ஐந்தில் ஒருவருக்கு, அதாவது பதினெட்டுப் பேருக்கு, இயல்பாகவே அதே தோள்கள் அமைந்திருக்கின்றன. தோளைப் பார்த்து ஐயுற்றால் அகப்படும் இருபத்தெட்டுப் பேரில் பதினெட்டுப் பேர் குற்றமற்றவர்கள். எடுப்பவர்கள் முப்பது பேர் என்று கூட்டிக்கொண்டாலும், அகப்படும் நாற்பத்து நால்வரில் பதினால்வர் குற்றமற்றவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவரை வீணாகப் பழிக்கும் ஓர் அளவுகோலை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

எண்களும் இப்படியே ஏமாற்றும். 2000ஆம் ஆண்டு எல்லா அணிகளும் சேர்ந்து அடித்த ஹோம் ரன் 5,693. ஊக்கமருந்துக் காலத்தின் உச்சம் என்று அதைச் சொன்னார்கள். கடுமையான சோதனையும் 80 ஆட்டத் தடையும் நடப்பில் இருந்த 2019இல் அந்த எண்ணிக்கை 6,776. பந்து காற்றில் சந்திக்கும் தடை குறைந்திருந்ததை அதற்கு ஒரு முக்கியக் காரணமாக ஆய்வுக் குழு கண்டது. 1990களிலும் நான்கு புதிய அணிகள் சேர்ந்தன. டென்வரின் மெல்லிய காற்றில் ஒரு மைதானம் எழுந்தது. மருந்து அக்காலத்தின் காரணங்களுள் ஒன்று. 2009இல் பிலடெல்ஃபியாவின் ரவுல் இபானியெஸ் 37ஆம் வயதில் பருவத் தொடக்கத்தில் அடித்து நொறுக்கியபோது ஐயம் எழுந்தது. சிறுநீர், ரத்தம் எதை வேண்டுமானாலும் எடுத்துச் சோதியுங்கள் என்று அவர் கொதித்தார். பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் இருந்தவை 34. நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்கு வாய்த்த நல்ல ஆண்டு என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை.

ஐயத்தின் கண் எப்போதும் பருத்த உடல்களையே தேடியது. 2005 ஏப்ரலில் புதிய விதிப்படி முதன்முதலில் தடைபெற்றவரோ டாம்பா பே அணியின் அலெக்ஸ் சாஞ்செஸ். ஒல்லியான, வேகமாக ஓடி பேஸ் திருடுவதற்குப் பேர்போன ஆட்டக்காரர். ஹோம் ரன்னுக்கும் அவருக்கும் வெகுதூரம். காயம் ஆறுவதற்காக வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததாக ஆண்டி பெட்டிட் ஒப்புக்கொண்டார், அவர் பந்துவீச்சாளர்.

மூன்றாவது வழியான உரைக்குக் கூடுதல் மதிப்பளிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 2005இல் நூல் எழுதி அணித்தோழர்களைக் காட்டிக்கொடுத்த ஹோசே கான்செகோவைப் பலரும் எள்ளினர். அவர் பெயர் சொன்னவர்களுள் ஒருவரான, அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றக் குழுவின்முன் விரல் நீட்டி மறுத்த ரஃபேல் பால்மெய்ரோ, சில மாதங்களில் ஸ்டானசோலால் சோதனையில் சிக்கினார். அவர் பெயர் சொன்ன மெக்வயரும் தாம் ஸ்டீராய்டு எடுத்ததை 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். ஆனால் உரைக்கும் எல்லை உண்டு. 2007 டிசம்பரில் வெளியான முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் ஊக்கமருந்து விசாரணை அறிக்கை 409 பக்கங்களில் 89 வீரர்களைப் பெயர் சொல்லிற்று. அப்பெயர்களில் பெரும்பகுதி நியூயார்க் மெட்ஸ் அணியின் முன்னாள் ஊழியர் கர்க் ராடொம்ஸ்கி, பயிற்சியாளர் பிரையன் மெக்நேமி ஆகிய இருவர் வழியாக வந்தவை. வேறு நகரங்களில் அகப்படாத விநியோகிகளிடம் வாங்கியவர்களின் பெயர் அதில் வர வழியில்லை. அறிக்கை சொன்னதை மறுக்க வேண்டியதில்லை. அறிக்கையில் இல்லாதவர் தூயவர் என்றும், இருப்பவர்தான் அக்காலத்தின் முழு முகம் என்றும் அதைப் படிக்கக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோதனையும் ஏமாறுகிறது. பால்கோவின் டிஹெச்ஜி என்ற மருந்தைச் சோதனைச்சாலைகள் அறியவே இல்லை. பயிற்சியாளர் ஒருவர் அனுப்பிய ஊசிக்குழாயின் எச்சத்திலிருந்துதான் டான் கேட்லினின் குழு 2003இல் அதைப் பிரித்தறிந்தது. 2013இல் வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய ஃபுளோரிடாவின் பயோஜெனிசிஸ் சிகிச்சையக விவகாரத்தில் தண்டனை பெற்றவர்களில் பலர் சோதனையில் தேறியவர்கள். அப்படியிருக்க ஐயத்தைக் கைவிடுவது ஏமாளித்தனம் ஆகாதா? ஆகும். ஐயம் விசாரணையின் வாசல் என்பதை நான் மறுக்கவில்லை. பயோஜெனிசிஸில் ஐயம் அந்த வாசல் வழியாக முறைப்படி உள்ளே சென்றது. ஆவணங்கள் திரட்டப்பட்டன, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர், ராட்ரிகஸ் நடுவர்முன் வாதிட்டு 211 ஆட்டத் தடையை 162ஆகக் குறைத்துக்கொண்டார். பியாட்சாவுக்கும் பேக்வெல்லுக்கும் வாதிட எந்த மன்றமும் இல்லை. தான் எடுக்கவில்லை என்பதை ஒருவர் எப்படி நிறுவுவார்? 2003க்கு முந்தைய ஆண்டுகளில் எவருடைய சிறுநீரும் சேமிக்கப்படவில்லை. மருந்து எடுக்காமல் ஆடி, எடுத்தவனிடம் இடத்தை இழந்து, இன்று அதே காலத்தின் பழியையும் சுமக்கும் வீரனுக்கு இழைக்கப்பட்ட அநீதி இவற்றுள் பெரிது. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

எழுத்தாளர்கள் வாக்கைப் பூட்டிவைத்தது நேர்மைக்காக என்றால், அந்த நேர்மை நிர்வாகத்தின் வாசலில் ஏன் நின்றுவிட்டது? ஓக்லாந்தில் கான்செகோவையும் மெக்வயரையும், பின்பு செயின்ட் லூயிஸில் மெக்வயரையும் வழிநடத்திய டோனி லா ருசா 2014இல் புகழ்க்கூடத்தில் அமர்ந்தார். 1992 முதல் பேஸ்பாலின் தலைமைப் பொறுப்பில் இருந்த பட் செலிக், சோதனையற்ற பதினோர் ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டிய முதல் மனிதர்களில் ஒருவர். அந்தப் பொறுப்பின் இன்னொரு பாதி வீரர்கள் சங்கத்தின் தலைவர்களுடையது. 2022இல் பத்தாவது, இறுதி வாய்ப்பில் பாண்ட்ஸ் 66.0 விழுக்காட்டோடு வெளியேறினார். அவரைத் தேர்ந்தெடுக்க மறுத்தவர்களிடம் சான்று இருந்தது. அந்த மறுப்பை நான் குறைகூற மாட்டேன். ஆனால் வீரனுக்கு ஓர் அளவுகோல், ஆணையருக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொண்ட வாக்கெடுப்புக்கு ஒழுக்கத்தின் பெயரைச் சூட்ட முடியாது. பேக்வெல் 2011 முதல் ஏழு முறை வாக்குக்குக் காத்திருந்தார். செலிக்கை 16 பேர் கொண்ட தனிக்குழு 15 வாக்குகளால் தேர்ந்தது. 2017 ஜூலை 30 அன்று இருவரும் ஒரே மேடையில் புகழ்க்கூடத்துக்குள் வரவேற்கப்பட்டனர்.